நடு நாற்காலியில் யார் உட்காருவது

எங்கள் ஊரில் மனதில் இருப்பதை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ஒருவர் வீட்டுக்குப் போகிறோம், காபி வேண்டுமா என்று கேட்கிறார்கள். வெளியே மூக்கு உறைகிற குளிர், உள்ளே காபி வாசனை ஆளைத் தூக்குகிறது. இருந்தாலும் வேண்டாம் என்போம். மறுபடி கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்போம். இன்னொரு தடவை கேட்ட பிறகுதான், போட்டது வீணாகப் போக வேண்டாமே என்று கோப்பையை வாங்கிக்கொள்வோம். பெல்மோரில் பிறந்தவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். மினசோட்டா மாநிலமே ஏறக்குறைய இப்படித்தான்.

வெளியூர் போய்விட்டவர்களுக்குத்தான் மறந்துபோகிறது. என் மகன் கிரெய்க்கைப் போல.

போன நவம்பரில் அரிசோனாவிலிருந்து போன் செய்தான். "அம்மா, வீட்டை வித்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபிளாட் பார்த்திருக்கேன். பனி அள்ள வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றான். நான், "வந்தா நல்லாத்தான் இருக்கும்டா" என்றேன். என் கணவர் வெர்லின் இன்னொரு போனை எடுத்து, "யோசிச்சுப் பார்க்கலாம்" என்றார். எங்கள் ஊரில் இதற்குமேல் ஒருவர் மறுப்புச் சொல்ல முடியாது. கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று எனக்கு உறுத்தக்கூடச் செய்தது. ஆனால் அவன் அந்த வெயிலில் இருபது வருஷம் காய்ந்தவன். சரி என்று எடுத்துக்கொண்டு, மே மாதம் வீட்டை விற்க ஏற்பாடு செய்யத் தொடங்கிவிட்டான்.

எனக்குப் போக விருப்பமே இல்லை. இந்த வீடு, இந்தச் சமையலறை, அடுத்த வீட்டு லவோன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பிறகு அதன் கீழ்த்தளத்தில் கூடிக் குடிக்கிற அந்தத் தண்ணீர்க் காபி எல்லாம் எனக்கு வேண்டும். ஆனால் கிரெய்க் ஏற்பாடு செய்யத் தொடங்கிய பிறகும் வெர்லின் வேண்டாமென்று வாயைத் திறக்கவில்லை. ஆயுசு முழுக்கக் கவுன்ட்டிக்காகச் சாலைப் பனி அள்ளுகிற வண்டி ஓட்டிய மனிதர், முட்டி தேய்ந்துவிட்டது. வெயில் ஊருக்குப் போக ஆசைப்படுகிறார், பாவம், நாம் குறுக்கே நிற்கக் கூடாது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். உள்ளுக்குள் மட்டும் பொருமிக்கொண்டே இருந்தேன்.

இந்த நேரத்தில்தான் ஜனவரியில் பழைய டி.வி. செத்தது. ஃபுட்பால் ஆட்டத்தில் ஊதாச் சட்டை போட்ட எங்கள் மாநில ஆட்கள் வழக்கம்போல் தோற்கப் போகிற நேரம். படம் சுருங்கி, ஒரு கோடாகி, அணைந்துவிட்டது. "நல்லதுதான், மிச்சத்தைப் பார்க்க வேண்டாம்" என்றார் வெர்லின்.

மறுநாள் புது டி.வி. வாங்கப் பக்கத்து நகரமான செயின்ட் கிளவுடுக்குப் போனோம். போகிற வழியில் அவர், "சின்னதா ஒண்ணு போதும். எப்படியும் மே மாசம் கிளம்புறோம்" என்றார். நான், "ஆமாம், போதும்" என்றேன். காருக்குள் இருவரும் வயலைப் பார்த்துக்கொண்டே போனோம்.

கடைக்குள் நுழைந்த மனிதர் சின்ன டி.வி. பக்கமே திரும்பவில்லை. சுவரில் மாட்டுகிற மெல்லிய ரகம் ஒன்று இருந்தது; அதன் விலையைப் பார்த்து, இது ஏதோ காரின் விலைச்சீட்டு, காற்றில் பறந்து வந்து ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். அதையும் தாண்டிப் போனார். கடைசி வரிசையில் தரையில் நின்றுகொண்டிருந்தது ஒன்று. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். என் தோள் உயரம், துணி அலமாரியைப் படுக்கப் போட்டதுபோல அகலம். கழுத்துப்பட்டை கட்டிய இளைஞன் ஒருவன் ஓடிவந்தான்.

"ரியர் புரொஜெக்ஷன் சார். உள்ள மூணு குழாய் இருக்கு, சிவப்பு, பச்சை, நீலம். மூணும் கண்ணாடியில பட்டு, திரைக்குப் பின்னாலேருந்து படமா விழும். அறுபத்தஞ்சு இஞ்சு, அகலத் திரை. உக்காந்து பாருங்க சார்."

வெர்லின் எதிரே இருந்த சோபாவில் உட்கார்ந்தார். திரையில் ஒரு வாத்து ஏரியிலிருந்து எழும்பியது. இறகில் ஒட்டியிருந்த தண்ணீர்த்துளி வரை தெரிந்தது. பிறகு எழுந்து நின்றார், இடது பக்கம் நகர்ந்தார், வலது பக்கம் நகர்ந்தார்.

"பக்கவாட்டுல போனா இருட்டுதே தம்பி."

"இது அப்படித்தான் சார். நேரா நடுவுல உக்காந்தா தியேட்டர். ஓரத்துல உக்காந்தா சாயங்காலம் மாதிரி இருக்கும்."

"தூரமா எடுத்துட்டுப் போனா?"

"அது கஷ்டம் சார். குலுக்கல்ல மூணு கலரும் விலகிப்போயிடும். இதெல்லாம் ஒரு இடத்துல வச்சா அங்கேயே இருக்க வேண்டிய சாமான்."

வெர்லின் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ என்ன சொல்றே மார்லிஸ்?"

"உனக்குப் பிடிச்சா சரி."

"எனக்கென்ன, உனக்குப் பிடிக்கணுமில்ல."

"எனக்கு எதுவா இருந்தாலும் ஒண்ணுதான்."

"பெருசா இருக்கோ?"

"பெருசுதான். அதுக்காக வேண்டாம்னு இல்ல."

இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. அந்தப் பையன் டென்னிஸ் பார்ப்பவன்போல எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் வெர்லின், "மோசமில்லை" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய மிகப் பெரிய பாராட்டு அது. எங்கள் கல்யாணத்தன்று என் உடையைப் பார்த்தும் அதையேதான் சொன்னார்.

இவ்வளவு பெரிய சாமானை, அதுவும் நகர்த்தக் கூடாததை வாங்குகிறவன் ஊரைவிட்டுப் போக நினைப்பானா? இந்த மனிதருக்கும் போக விருப்பமில்லை போலிருக்கிறதே என்று வீடு வரைக்கும் சந்தோஷமாக வந்தேன். அன்று சாயங்காலம் கிரெய்க் போனில் டி.வி.யைப் பற்றிக் கேட்டபோது இவர், "எடுத்துட்டு வர்றதுன்னா வரலாம், ஆளுங்க இருக்காங்க" என்று சொன்னதைக் கேட்டேன். அவ்வளவுதான், சந்தோஷம் காற்றுப் போன பலூனாகிவிட்டது. பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

டி.வி. வந்த அன்று குளிர் மைனஸ் இருபது. கொண்டுவந்த ஆட்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். அது கதவுக்குள் நுழையாது. வெர்லின் போய்த் திருப்புளியை எடுத்துவந்து, முன்கதவையே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். வீட்டுக்குள் வடதுருவம் புகுந்துவிட்டது. என் செடிகளெல்லாம் அன்றே தலையைத் தொங்கப் போட்டன. அந்த ஆட்களோ, கதவில்லாத வீட்டில் பல் தந்தியடிக்க நின்றுகொண்டு, "காபியா, வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்கிறார்கள்! எனக்கு வந்த கோபத்தில் இரண்டாவது முறை கேட்காமலே கோப்பைகளைக் கையில் திணித்தேன்.

வைத்த பிறகு பார்த்தால் அது என் ஜன்னலில் பாதியை மறைத்துவிட்டது. பறவைக்குத் தீனி வைக்கிற தட்டு தெரியவில்லை. "இதுவும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்றேன். அதற்குமேல் நான் திட்டியிருக்க முடியாது.

ஆனால் பொய் சொல்லக் கூடாது. ஒரு வாரத்தில் எனக்கு அதன்மேல் பிரியம் வந்துவிட்டது. வானிலைப் படத்தில் மேகங்கள் கட்டில் கட்டிலாக நகர்ந்து வந்தன. ஏரிப் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிற நிகழ்ச்சியில் மீனின் கண்ணைப் பார்த்தே அதன் மனநிலையைச் சொல்லிவிடலாம். ஒளிபரப்பில் முக்கால்வாசி பழைய அளவுதான், திரையோ அகலம். அப்படியே போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும். அந்தப் பட்டை நாளடைவில் திரையில் தழும்பாகத் தங்கிவிடும் என்று கடைக்காரப் பையன் எச்சரித்திருந்தான். அதனால் வெர்லின் எல்லாவற்றையும் இழுத்து அகலப்படுத்திப் போட்டார். செய்தி வாசிக்கிற ஒல்லிக்குச்சிப் பெண் நாலு வேளை சாப்பிடுகிறவள்போல ஆனாள். எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

சனிக்கிழமை காலையில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. டி.வி.யை அரை மணி நேரம் சூடேற விட்டு, ரிமோட்டில் ஏதோ அழுத்துவார். திரை நடுவில் சிவப்பு, பச்சை, நீலச் சிலுவைகள் தோன்றும். பச்சை அசையாது, மற்ற இரண்டையும் மெல்ல மெல்ல நகர்த்தி அதன்மேல் சரியாகப் படுக்க வைத்தால் மூன்றும் சேர்ந்து வெள்ளையாகிவிடும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கிய அன்று அந்த முகத்தைப் பார்த்தேன், அதற்குப் பிறகு இப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லவோனும் அவள் கணவர் டுவேனும் ஆட்டம் பார்க்க வந்தார்கள். கூடத்தில் ஐந்து நாற்காலி போட்டேன். நடுவில் இருப்பதுதான் அசல் இடம், திரைக்கு நேரே.

"டுவேன், நீ நடுவுல உக்காரு" என்றார் வெர்லின்.

"ஐயோ, வேண்டாம்ப்பா. எனக்கு ஓரம்தான் சௌகரியம். லவோன், நீ உக்காரேன்."

"நானா? நான் அப்பப்ப எந்திரிச்சுப் போறவ. மார்லிஸ் உக்காரட்டும், அவ வீடு."

"விருந்தாளிய விட்டுட்டு நானா? நல்லாருக்கு!" என்றேன்.

ஒருவரும் உட்காரவில்லை. நாலு பேரும் இரண்டு ஓரங்களிலும் ஒண்டிக்கொண்டு, சாயங்கால இருட்டில் நிழல்கள் ஓடுவதைப் பார்த்தோம். நடு நாற்காலி மட்டும் தியேட்டரில் முதல் வகுப்பு டிக்கெட் வாங்கினதுபோல் தனியாக நின்றது. கழுத்து ஒருபக்கமாகப் பிடித்துக்கொண்டது. "என்ன தெளிவு, என்ன தெளிவு!" என்று டுவேன் வாய் ஓயாமல் புகழ்ந்தார். "ஆட்டத்துல ஓடுற அந்தப் பையன் குண்டாயிட்டானோ?" என்றாள் லவோன். "எல்லாரும்தான் குண்டாயிட்டாங்க" என்றார் வெர்லின். வாராவாரம் இதே கதை. கடைசியில் நடு நாற்காலியில் லவோன் கொண்டுவருகிற இனிப்புத் தட்டை வைக்கத் தொடங்கினோம். ஊரிலேயே அருமையான காட்சியைப் பார்த்தது அந்தத் தட்டுதான்.

இருந்தும் நான் நிம்மதியாக இருந்தேன். அதனால்தான் வலித்தது. இதெல்லாம் மே வரைக்கும்தானே என்று ஒவ்வொரு ஞாயிறும் லவோனின் கோட்டை எடுத்துக் கொடுக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

மார்ச் முதல் வாரம் கிரெய்க் வந்தான். திங்கட்கிழமை வீடு விற்கிற தரகர் வருகிறார், அதற்காக. அவன் மனைவி டெனிஸ் பிரிந்துபோய் இரண்டு வருஷமாகிறது. பிள்ளைகள் பெரும்பாலும் அவளோடு. போனில் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்பான். நேரில் பார்த்தால் சட்டை தொளதொள என்று தொங்கியது.

அவன் வந்த சனிக்கிழமைதான் மாநிலப் பள்ளிகளின் ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டம். எங்களுக்கு அது கிறிஸ்துமஸுக்கு அடுத்தபடி. நான் இறைச்சியின்மேல் உருளைக்கிழங்கு உருண்டைகளைப் பரப்பிச் சுடுகிற எங்கள் ஊர் ஹாட்டிஷ் செய்திருந்தேன். லவோனும் டுவேனும் வந்து வழக்கமான ஓரங்களில் உட்கார்ந்தார்கள். கிரெய்க் சமையலறையிலிருந்து தட்டோடு வந்தான். நடு நாற்காலியில் இருந்த இனிப்புத் தட்டை எடுத்துக் கீழே வைத்தான். உட்கார்ந்தான்.

லவோனின் கோப்பை உதட்டருகே நின்றுவிட்டது. டுவேன் தொண்டையைக் கனைத்தார்.

"அடேயப்பா, என்ன படம்!" என்றான் கிரெய்க். "ஐஸ் மேல போற அந்த வட்டு கூடத் தெரியுதே! ஏன் எல்லாரும் ஓரத்துல உக்காந்திருக்கீங்க? அங்கேருந்து ஒண்ணும் தெரியாதே!"

"நல்லாத்தான் தெரியுதுப்பா" என்றார் டுவேன், கழுத்தைத் தடவிக்கொண்டே.

எனக்கு மானம் போயிற்று. அதே நேரம், ஆசைப்பட்ட இடத்தில் போய் உட்காருவது இவ்வளவு எளிதா என்று பொறாமையாகவும் இருந்தது.

ஆட்டம் முடிந்து, வாசலில் கோட்டைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பேசி, காருக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் பேசி அவர்கள் போனார்கள். நாங்கள் உள்ளே வந்தோம். கிரெய்க் மிச்ச ஹாட்டிஷைத் தட்டில் போட்டுக்கொண்டு மறுபடி நடுவிலேயே உட்கார்ந்தான்.

"அப்பா, இந்த டி.வி. அந்த ஃபிளாட்டுக்குள்ள போகாது. வீட்டோட சேர்த்து இதையும் வித்துடலாம். சரியா?"

"சரிதான். தப்பில்ல" என்றார் வெர்லின். ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அந்தக் கைகளைப் பார்த்ததும் என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

"நான் வரல" என்றேன்.

சத்தமாக வந்துவிட்டது. என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"என்னம்மா?"

"நான் அரிசோனாவுக்கு வரல. இந்த வீட்டை விக்க எனக்கு இஷ்டமில்ல. முதல்லேருந்தே இல்ல. வெர்லின், நீ போகணும்னா முட்டிக்கு நல்லதுன்னு போ. நான் இங்கதான் இருப்பேன்."

வெர்லின் என்னை வெறித்துப் பார்த்தார். "நான் எப்போ போகணும்னு சொன்னேன்?"

"வேண்டாம்னும் சொல்லலையே!"

"நீ 'நல்லாத்தான் இருக்கும்'னியே."

"உஃப் டா!" என்றேன், சலிப்பு வந்தால் எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வது அது. "அப்படிச் சொன்னா வேண்டாம்னுதான்னு உனக்குத் தெரியாதா? நீ என்ன நேத்து வந்தவனா?"

"தெரியும். ஆனா புள்ளகிட்டப் போகணும்னு உள்ளுக்குள்ள ஏங்குறியோன்னு நெனைச்சேன். நான் குறுக்க நிக்கக் கூடாதில்ல." அவர் டி.வி.யைக் கை காட்டினார். "அதுக்குத்தானே இந்தப் பூதத்தை வாங்கினேன். நகர்த்த முடியாதுன்னு அந்தப் பையன் சொன்னதும், சரி, இதுதான் சரியான ஆளுன்னு தோணிச்சு. 'இது அங்க எப்படி வரும்'னு நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா, 'அப்ப இங்கேயே இருந்துடலாமா'ன்னு நான் கேட்டிருப்பேன். நீ கேக்கவே இல்லியே!"

"மக்கு மனுஷா! வாயால கேக்குறதுக்குப் பதிலா இத்தனை பெரிய டி.வி. வாங்குவாங்களா?"

"நெனைச்சா எனக்கே அசிங்கமாத்தான் இருக்கு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவரும் தோள் குலுங்கச் சிரித்தார். இத்தனை மாதம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. பிடித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் கிரெய்க் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். திரை வெளிச்சம் நேரே அவன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"கோவமாடா?" என்றேன். "பனி அள்ளுறதுக்கு ஆள் வச்சுக்குறோம். எங்களைப் பத்திக் கவலைப்படாதே."

"உங்களைப் பத்திக் கவலைப்படலம்மா. உங்களுக்காகக் கூப்பிடல. எனக்காகத்தான் கூப்பிட்டேன். பசங்க இல்லாத நாள்ல வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா ஒரு குரல் இருக்காது. சத்தத்துக்காக டி.வி.யைப் போட்டுட்டுச் சமையலறையில நின்னுக்கிட்டே சாப்பிடுறேன். அதைச் சொல்ல வரல. பனி, முட்டின்னு என்னென்னவோ சொன்னேன்."

என் பிள்ளை. அரிசோனா வெயிலில் இருபது வருஷம் காய்ந்தும் கொஞ்சமும் மாறாத எங்கள் ஊர்ப் பிள்ளை. நவம்பரிலிருந்து வாராவாரம் போனில் கேட்டிருக்கிறான், என் காதில் ஏறவில்லை. இங்கேயே வந்துவிடு என்று சொல்ல முடியாது, அவன் பிள்ளைகள் அங்கே.

வெர்லின் எழுந்தார். ஓரத்து நாற்காலி ஒன்றை இழுத்துவந்து கிரெய்க்குக்கு இடது பக்கம், முட்டியோடு முட்டி இடிக்க, ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். நான் வலது பக்கம் இன்னொன்றைப் போட்டுக்கொண்டேன்.

"நீ எப்போ திரும்பிப் போறே?" என்று கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை."

"எங்களுக்கும் டிக்கெட் போடு."

"அப்பா, இப்பத்தானே வரமாட்டோம்னு..."

"குடியிருக்க வரமாட்டோம். வீடு இங்கதான். ஆனா செவ்வாய்க்கிழமை உன்கூட வர்றோம், ஏப்ரல் வரைக்கும் இருக்கோம். அடுத்த வருஷம் குளிருக்கும் வருவோம்."

ஒரு மனிதர் ஒரே மூச்சில் இவ்வளவு நேராகப் பேசி நான் கேட்டதில்லை. கிரெய்க் என் பக்கம் திரும்பினான். தலையில் பாதி நரைத்திருக்கிறது. அந்தக் கண் மட்டும் ஏழு வயதுப் பையனுடையது.

"அம்மா, நிஜமாவா? இல்ல, சும்மா சொல்றீங்களா?"

"எனக்கும் உன் பக்கத்துல இருக்கணும்போல இருக்குடா" என்றேன். "வர்றேன்."

அவன் வேறொன்றும் கேட்கவில்லை. தட்டை என் மடியில் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.